கண்ணை மூடினால் துடிக்கும் இமை

மகள் இரண்டாம் தரம் படிக்கும்போது, 2016இல், பள்ளிக்கூடத்தில் இருந்து முதல் முறைப்பாடு வந்தது. "உங்கட பிள்ளை நான் கதைக்கேக்க கண்ணை மேல சொருகிக்கொண்டு முகட்டைப் பார்க்கிறாள், கொஞ்சமும் மரியாதை இல்லை" என்றார் ரீச்சர். நான் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு இரண்டு அடி போட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகென்றால் எழுத மனம் வராது. அவள் கண் சொருகினது மரியாதையீனம் இல்லை, ஒருவகை வலிப்பு என்று விளங்க எங்களுக்கு ஏழு வருடம் மட்டில் எடுத்தது.

நாங்கள் இருப்பது கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் ஓரமாக ஒரு கிராமம். நான் வீட்டில் வைத்துத் தைக்கிறவள். வெளிச்சம் வேண்டும் என்று மெஷினை யன்னலோரம் போட்டிருக்கிறேன். மகளும் அந்த யன்னலடியில்தான் இருந்து விளையாடுவாள், ஆகவே அந்த இமைத்துடிப்பை ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை பார்த்திருக்கிறேன், பார்த்தும் அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. உள் அறையில் இருந்து முற்றத்து வெயிலுக்கு வருவாள், கூசுகிறது என்று கண்ணை மூடுவாள், மூடின உடனே இரண்டு இமையும் தும்பியின் செட்டை மாதிரிப் படபடவென்று அடிக்கும், கருமணி மேலே ஏறும், முகவாய் கொஞ்சம் உயரும். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பிறகு விட்ட இடத்தில் இருந்து விளையாட்டு.

சும்மா கண் சிமிட்டுகிற பிள்ளை ஒவ்வொன்றாகச் சிமிட்டும். இது ஒரு செக்கனுக்குள் நாலைந்து துடிப்பு.

என் அம்மாவிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. மகள் 2009 ஆகஸ்டில், யுத்தம் முடிந்த கையோடு, செட்டிகுளம் அகதி முகாமில் பிறந்தவள். "வயித்துக்குள்ள இருக்கேக்க ஷெல் சத்தம் கேட்ட பிள்ளையடி, அந்தப் பயம் கண்ணுக்குள்ள இருக்குது" என்பார். ஊரில் அப்படி நம்புகிற ஆட்கள் நிறைய, நானும் நம்பினேன், நம்பினதோடு நிற்காமல் அந்த வருடம் பங்கருக்குள் படுக்காமல் வெளியில் நின்ற ஒவ்வொரு நேரத்தையும் எண்ணி எண்ணி என்னையே குற்றம் சாட்டிக்கொண்டேன். நூல் கட்டினோம், பார்வை பார்த்தோம், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். கண் கிளினிக் ஒன்றில் தூசி ஒவ்வாமை என்று சொட்டு மருந்து தந்தார்கள், அதை இரண்டு வருடம் விட்டோம். பிள்ளைக்குக் கண் கடிக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சிவக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் மூன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை, நாங்களாகவும் சொல்லவில்லை.

வலிப்பு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆள் விழுவார், கை கால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும், பக்கத்தில் நிற்கிறவர் திறப்புக்கோர்வையைக் கையில் திணிப்பார். இரண்டு செக்கன் இமை துடிப்பதும் வலிப்பாக இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் மூன்று இடத்தில் விசயம் பச்சையாகவே கிடந்திருக்கிறது.

முதலாவது, காலைப் பிரார்த்தனை. பள்ளிக்கூட முற்றத்தில் கிழக்குப் பார்த்து நின்று, முகத்தில் வெயில் விழ, கண்ணை மூடித் தேவாரம் பாடுவார்கள். அந்த நேரத்தில்தான் இவளுக்குத் துடிப்பு அதிகம். பக்கத்தில் நிற்கிற பெட்டையள் சிரிப்பார்களாம். வீட்டுச் சாமியறையில் அதே தேவாரத்தை அதே மாதிரிக் கண்ணை மூடிப் பாடினாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் அங்கே ஒரு விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். பயமோ பழக்கமோ என்றால் இடத்துக்கு இடம் ஏன் இப்படி மாற வேண்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சொல்வதெழுதல் கொப்பி. வசனத்தின் நடுவில் ஒரு சொல் இல்லை. பிழையாக எழுதவில்லை, எழுத்துக் குறையவில்லை, அந்தச் சொல்லே அவளுக்குக் கேட்கவில்லை, அதற்கு அடுத்த சொல்லில் இருந்து வசனம் ஒழுங்காகப் போகிறது. சில இடங்களில் பேனை ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கும். ரீச்சர் சிவப்பு மையில் 'கவனமின்மை' என்று எழுதினார். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற வருடம் முழுக்க அந்தச் சொல்லை வைத்தே அவளை நெரித்தோம். அதை விடுவோம்.

மூன்றாவது, 2022. அந்த வருடம் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருப்போம். அந்த இருட்டில் அவள் இமை சும்மா இருந்தது. ரோச் லைற் முகத்தில் பட்டுக் கண்ணை மூடினால் மட்டும் துடிக்கும். "கரண்ட் இல்லாட்டி உனக்குக் கண் சுகம் போல" என்று பகிடி விட்டேன். பகிடியாகவே விட்டுவிட்டேன்.

பிறகு 2023 வைகாசி, வற்றாப்பளை அம்மன் பொங்கல். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு வழியாக பஸ் ஏறிப் போய், நந்திக்கடல் பக்கத்துக் காற்றில் விடிய விடிய முழித்திருந்து, காலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவளுக்கு 14 வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. முகம் கழுவி விட்டு வாசலுக்கு வந்தவள், வெயிலில் இமை துடித்தது, வழமை போல நிற்கவில்லை, தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது, அப்படியே பின்பக்கமாக விழுந்தாள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த வலிப்பு. கணவர் கையில் இரும்பைக் கொடுத்தார், நான் கரண்டியை வாய்க்குள் வைக்கப் போனேன். இரண்டும் பிழை. வாய்க்குள் ஒன்றும் வைக்கக்கூடாது, இறுக்கிப் பிடிக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே எதையாவது மடித்து வைத்து, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு எனக்கு ஐந்து மணித்தியாலம் போல இருந்தது, உண்மையில் இரண்டு நிமிடமும் இல்லை என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

முதலில் காட்டிய இடத்தில் கார்பமசெப்பின் எழுதினார்கள். அது நல்ல மருந்துதான், மூளையின் ஒரு பகுதியில் தொடங்குகிற வலிப்புக்கு. நாங்கள் விழுந்த கதையை மட்டும் சொன்னோம், கண் கதையைச் சொல்லவே இல்லை, ஏனென்றால் எங்கள் மனதில் அது கண் வருத்தம், இது வேறு வருத்தம். அவர்களும் "வேறு ஏதாவது துடிப்பு இருந்ததா?" என்று கேட்கவில்லை. மூன்று கிழமைக்குள் இமைத்துடிப்பு நாளுக்கு நூறு தடவை என்கிற மாதிரி ஆகிவிட்டது. அதோடு புதிதாக ஒன்று: காலையில் எழும்பின கையோடு இரண்டு தோளும் திடீரென்று உதறும். தேத்தண்ணிக் கோப்பை இரண்டு தடவை கையில் இருந்து பறந்தது. பிரஷ் ஒருநாள் கிணற்றுக்குள்ளேயே போய் விழுந்தது. மருந்தால்தான் கூடுகிறது என்று எங்களுக்குப் படவில்லை, மருந்து காணாது என்று நினைத்து அடுத்த கிளினிக்கில் கூட்டிக் கேட்டோம், கூட்டியும் தந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நரம்பியல் டொக்டரிடம் போனது அதற்குப் பிறகு. வயதான ஆள், அவசரமே இல்லை. எங்களை இருத்தி வைத்து அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அன்றைக்குக் கிடைத்த படிப்பு அந்தக் கேள்விகள்தான். முதலில் தொடங்கியது எது, கண்ணா கையா? எத்தனை வயதில்? கண் திறந்திருக்கும்போதா, மூடின உடனேயா? வெயிலிலா, நிழலிலா? துடிக்கும்போது கூப்பிட்டால் திரும்புகிறாளா? நிறுத்து என்றால் நிறுத்த முடியுமா? கை உதறல் விடியவா, எந்த நேரமுமா? மருந்துக்கு முன்னமே இருந்ததா? குடும்பத்தில் யாருக்கும்? கடைசிக் கேள்விக்கு நானும் கணவரும் ஆளையாள் பார்த்தோம். கணவரின் சித்தி ஒருத்தி வாலிபத்தில் "பேய் பிடித்து" விழுகிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்.

ஈ.ஈ.ஜிக்கு, அதாவது மூளையின் மின் அலைகளைக் கோடாகப் பதிகிற சோதனைக்கு, முதல் நாள் இரவு குறைவாக நித்திரை கொள்ளச் சொன்னார்கள். தலையில் பசை வைத்து வயர் ஒட்டி, லைற் போட்ட அறையில் கண்ணைத் திற, மூடு, திற, மூடு என்றார்கள். மூடும் ஒவ்வொரு தடவையும், ஒன்று இரண்டு செக்கனுக்குள், திரையில் கோடுகள் எல்லாம் தலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கூர்கூராக எழும்பின. மூன்று நிமிடம் வேகமாக மூச்சை ஊதச் சொன்னபோதும் வந்தது, மினுக்கும் லைற்றுக்கும் வந்தது. பிறகு அறையை முழு இருட்டாக்கிவிட்டுக் கண்ணை மூடச் சொன்னார்கள். ஒன்றுமே இல்லை. மின்வெட்டு இரவுகளின் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

பெயர் விசயத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பெற்றோர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். ஒரு கடதாசியில் இந்த வலிப்புக்கு ஜீவன்ஸ் சின்ட்ரோம் என்று பெயர் இருக்கும், இன்னொன்றில் ஜே.எம்.ஈ, மூன்றாவதில் அப்சன்ஸ். டொக்டர்மாருக்கே தெரியவில்லை என்று எங்கள் மாமி சொன்னார். அப்படி இல்லை.

இமைத்துடிப்பும் சின்ன நினைவுத் தப்புதலும் சேர்ந்து வருவதைத் தனி நோயாகப் பிரித்துச் சொன்னவர் பீற்றர் ஜீவன்ஸ் என்கிற பிரித்தானிய மருத்துவர், 1977இல். வலிப்புக்கான சர்வதேச சங்கம் (ILAE) 2022இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்கு இமைத்துடிப்புடன் கூடிய வலிப்பு என்கிற பொருளில் பெயர் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் 6 முதல் 8 வயதில் தொடங்கும், பெண் பிள்ளைகளில்தான் அதிகம். ஜே.எம்.ஈ (Juvenile Myoclonic Epilepsy) என்பது வளரிளம் பருவத்தில் தொடங்குவது, அதன் அடையாளம் விடியக்காலைக் கை உதறல். சின்னப் பிள்ளைகளின் அப்சன்ஸ் என்பது பத்துச் செக்கன் மட்டில் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வது, அதிலும் இமை கொஞ்சம் துடிக்கும். பிரச்சினை என்னவென்றால் ஜே.எம்.ஈ உள்ள சிலருக்கும் இமைத்துடிப்பு வரும், வெளிச்சக் கூச்சம் வரும், மூன்றில் ஒருவருக்கு அப்சன்ஸும் வரும். ஜீவன்ஸ் உள்ள சிலருக்குக் கையும் உதறும். நித்திரை முழிப்பு எல்லாவற்றையும் கிளப்பிவிடும். ஈ.ஈ.ஜிக் கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பெரிய வலிப்பு மூன்றிலும் பிறகு வந்து சேரலாம்.

எனக்கு இது தையலாகத்தான் விளங்கியது. ஒரே துணியில் வெட்டிய மூன்று சட்டை. துணியைப் பார்த்து எது யாருடையது என்று சொல்ல முடியாது, வெட்டைப் பார்க்க வேண்டும். எது முதலில் வந்தது, எது நாளாந்தம் வருகிறது, எது எப்போதாவது வருகிறது, கண் மூடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, இதெல்லாம்தான் வெட்டு. மகளுக்கு 7 வயதில் இருந்து இமைதான் தலையானது, கண் மூடினால்தான் வருகிறது, கை உதறல் கார்பமசெப்பினுக்குப் பிறகு வந்தது, அந்த மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தின பிறகு போய்விட்டது. ஆகவே ஜீவன்ஸ் பக்கம் சாய்கிறது என்றார் டொக்டர். "சாயுது, அவ்வளவுதான் அம்மா. கை உதறல் திரும்ப வந்தால் எனக்குச் சொல்லுங்கோ, பேரை மாத்தி எழுதுறதில எனக்கு வெக்கம் இல்லை." அந்த ஆளில் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்த வசனத்தில்தான்.

பெயர் எதுவாக இருந்தாலும் இந்த மூன்று வகை வலிப்புக்கும் சில மருந்துகள் ஆகாது: கார்பமசெப்பின், ஒக்ஸ்கார்பசெப்பின், பெனிற்றோயின், கபாபென்ரின் போன்றவை துடிப்பைக் கூட்டிவிடலாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே மருந்தை நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் அதுவே பெரிய வலிப்பைக் கொண்டுவரும். கிளினிக் கொப்பியோடு போய்க் கேளுங்கள்.

நன்றாக வேலை செய்வது சோடியம் வல்ப்ரோயேட். ஆனால் பெண் பிள்ளை. பிறகு ஒருநாள் கர்ப்பம் தரிக்கும்போது அந்த மருந்தில் இருந்தால் 100க்கு 10 குழந்தைகள் அளவில் உடற்குறைபாட்டோடு பிறக்கலாம், 100க்கு 30 முதல் 40 பிள்ளைகளுக்குப் பேச்சும் படிப்பும் பிந்தலாம். டொக்டர் இதை எனக்குச் சொல்லாமல் மகளைப் பார்த்தே சொன்னார். எனக்கு அப்போது சங்கடமாக இருந்தது, இப்போது சரி என்று படுகிறது. லெவெற்றிரசெற்றம் தொடங்கினோம். இரண்டு மாதத்தில் பெரிய வலிப்பு நின்றது, பிள்ளை மட்டும் பிள்ளையாக இல்லை. எடுத்ததற்கெல்லாம் சீறுவாள், ஒருநாள் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தாள். வயதுக் கோளாறு என்று நினைத்தோம், மருந்தின் கோளாறும்தான். அளவைக் குறைத்து லமோட்ரிஜின் சேர்த்தார்கள், அது கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் கூட்டுவது, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால் அன்றைக்கே ஓடிவரச் சொன்னார்கள். அதுவும் சிலருக்குக் கை உதறலைக் கூட்டலாம் என்பதால் காலைக் கோப்பையை இரண்டு மாதம் நான் கவனித்தபடியே இருந்தேன். கோப்பை விழவில்லை.

பெரிய வலிப்பு இரண்டு வருடத்துக்கு மேல் இல்லை. இமைத்துடிப்பு இருக்கிறது. குறைந்திருக்கிறது, போகவில்லை. இந்த வகையில் அப்படித்தான், பெரிய வலிப்பு மருந்துக்கு அடங்கும், இமை அடங்காது, வயது வந்த பிறகும் தொடரும். "எப்ப முழுக்க மாறும்?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்டு மகளை நோகடித்துவிட்டு, ஒருநாள் அவளே "அம்மா, இனிக் கேக்காதேங்கோ" என்ற பிறகுதான் நிறுத்தினேன்.

வீடியோ பற்றிச் சொல்ல வேண்டும். டொக்டரின் அறையில் அது வராது, வந்தாலும் இரண்டு செக்கன். நான் எடுத்த முதல் வீடியோ எல்லாம் உபயோகமில்லை, தூரத்தில் நின்று முழு ஆளையும் எடுத்திருந்தேன். முகம் நிறையத் தெரிய வேண்டும், யன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கண்ணை மெல்ல மூடித் திறக்கச் சொல்ல வேண்டும், துடிக்கும்போது ஏதாவது ஒரு சொல்லை நீங்கள் சொல்ல வேண்டும், முடிந்ததும் என்ன சொல் என்று கேட்க வேண்டும். நான் "புளியங்காய்" என்று சொல்லுவேன். சில நேரம் சரியாகச் சொல்லுவாள், சில நேரம் "என்ன, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே" என்பாள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெறும் இமைத்துடிப்புக்கும் அப்சன்ஸோடு வருவதற்கும் உள்ள வித்தியாசம் என்று டொக்டர் சொன்னார்.

யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினால் இடதுபக்க இருக்கை. ஆனையிறவில் வெளிச்சம் தட்டும், இயக்கச்சி தாண்டிப் பளையில் தென்னை மரங்களுக்கு ஊடாக வெயில் விட்டு விட்டு முகத்தில் அடிக்கும், ஓடுகிற பஸ்ஸில் அது மினுக்கும் லைற்றேதான். காலையில் போகும்போதும் வெயில் வலதுபக்கம், பின்னேரம் திரும்பும்போதும் வலதுபக்கம், தெருவின் போக்கு அப்படி. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு கிளினிக் எடுத்தது. இடம் கிடைக்காவிட்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொள்ளுவாள். இரண்டு கண்ணையும் மூடுவது கூடாது, மூடினால்தான் வருமே. ஒரு கண்ணைப் பொத்துவது நன்றாக வேலை செய்கிறது. கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியும் உண்டு, பள்ளிக்கூடத்தில் தொப்பிக்கு அனுமதி வாங்கப் பட்ட பாடு தனிக்கதை. கிணற்றில் தனியே தண்ணி அள்ளுவதில்லை, வாளியில் எடுத்து வைத்துத்தான் குளிப்பு. குளத்துக்குத் தனியே போகவே கூடாது. ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கிறாள், ஆனால் இரவு பத்துக்குப் படுக்கை, அதில் பேரம் இல்லை.

ஷெல் சத்தக் கதையையும் நான் டொக்டரிடம் கேட்டேன். இது பிறப்பிலேயே, பரம்பரை வழியில் வருவது, நீங்கள் பங்கருக்குள் இருந்தாலும் வெளியில் இருந்தாலும் வந்திருக்கும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அவையளுக்கு என்ன தெரியும், அவையள் அங்க நிண்டவையே" என்றார். அம்மாவோடு நான் வாதாடவில்லை.

போன மாதம் பக்கத்து வளவுத் தங்கச்சி தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள், எட்டு வயது, கண் சிமிட்டுகிறான், "அக்கா உங்கட மகளுக்கு வந்ததுதான்" என்று அழுகை. அவனை வெயிலில் நிற்க வைத்துக் கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன், ஒன்றும் இல்லை. நிறுத்தடா என்றேன், நிறுத்தினான், முகம் சிவக்க அடக்கிக்கொண்டு நின்றான், நான் மறுபக்கம் திரும்பியதும் அடக்கினதை எல்லாம் சேர்த்துச் சிமிட்டினான். சொல்வதெழுதல் கொப்பியை வாங்கிப் பார்த்தேன், எழுத்துப் பிழை ஏராளம், ஒரு சொல்லும் தவறவில்லை. எதற்கும் டொக்டரிடம் காட்டு, நான் சொல்வதை வைத்து இருந்துவிடாதே என்று அனுப்பினேன். காட்டினார்களாம், பழக்கம்தான், கவனிக்காமல் விடுங்கள் என்றார்களாம். இப்போது சிமிட்டுவது நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சுகிறானாம்.